கோத்திதியானோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானியமோ போர்ச்சுகீசியமோ கற்கத் தொடங்கிய சில மாதங்களில் எல்லோரும் இந்தச் சொல்லில் வந்து நிற்கிறார்கள். அகராதி 'தினசரி' என்று பொருள் சொல்லும். அதை அப்படியே வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் உப்பில்லாத குழம்பு போலிருக்கும். இவ்விரு மொழிகளிலிருந்தும் தமிழுக்குச் சிறிய அளவில் மொழிபெயர்த்து வருகிறேன். நண்பர்களும் மாணவர்களும் என்னிடம் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கோத்திதியானோ என்றால் என்ன பொருள்?

நாள் தவறாமல் நடப்பது என்று பொருள். 'விதா கோத்திதியானா' என்றால் அன்றாட வாழ்க்கை. இப்படிப் பெயரடையாக வருவதோடு, தனித்து நின்று பெயர்ச்சொல்லாகவும் வரும். போர்ச்சுகீசியத்தில் 'ஓ கோத்திதியானோ' என்று ஆண்பால் முன்னடை சேர்த்துச் சொல்கிறார்கள். ஸ்பானியத்தில் 'லோ கோத்திதியானோ' என்பதே வழக்கம். அந்த 'லோ' ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. எந்தப் பெயரடையோடு சேர்ந்தாலும் அந்தத் தன்மை முழுவதையும் சுட்டிவிடும். நம் மொழியில் 'நல்லது', 'கெட்டது' என்று சொல்லும்போது வரும் 'அது' போல.

பால் காய்ச்சுவது, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவது, பஸ்ஸுக்கு நிற்பது, கடன்காரருக்குப் பதில் சொல்வது, இரவில் கதவைத் தாழிடுவது எல்லாம் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். எனக்குத் தெரிந்து தமிழில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'அன்றாடம்'. ஏன் 'தினசரி'யை விட்டு இதைப் பிடித்துக்கொள்கிறேன் என்பதைக் கீழே வரும் கேள்விகளில் சொல்கிறேன்.

எப்படி உச்சரிப்பது?

ஸ்பானியத்தில் கோத்-தி-தியா-னோ. அழுத்தம் 'யா'வில் விழும். இரண்டாவதாக வரும் 'தி' தமிழருக்கு இயல்பாகவே வந்துவிடும். 'அது', 'இதில்' என்று சொல்லும்போது இரண்டு உயிர்களுக்கு நடுவில் நாக்கு பல்லை மெல்ல உரசுகிறதே, ஸ்பானியர்களின் ஒலியும் அதேதான். மற்ற மொழிக்காரர்கள் பாடுபட்டுப் பழகும் ஒலி இது.

போர்ச்சுகீசியம் பேசும் பிரேசிலின் பெரும் பகுதியில் இகரத்துக்கு முன்னால் வரும் தகரம் சகரமாகவும் ஜகரமாகவும் திரிந்துவிடும். அங்கே கோச்சிஜியானு என்றே காதில் விழும். போர்ச்சுகலில் எழுத்தும் சற்று மாறும். பிரேசிலியர் ககரத்தில் தொடங்குவதைப் போர்ச்சுகல்காரர்கள் பழைய லத்தீன் முறைப்படி 'குவ' என்ற ஒலிக்குரிய எழுத்தில் தொடங்குவார்கள்.

சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீனிலிருந்து. 'குவோத்' என்றால் எத்தனை. 'தியேஸ்' என்றால் நாள். இரண்டும் சேர்ந்து 'எத்தனை நாளோ அத்தனை நாளும்' என்ற பொருளில் ஒரு வினையடை பிறந்தது. அதிலிருந்து பெயரடை வந்தது.

'எத்தனை' என்ற கேள்வி சொல்லின் அடியிலேயே கிடப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே நாள் திரும்பத் திரும்ப வருகிறது என்று இந்தச் சொல் சொல்லவில்லை. நாள்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போகிறது. நம் 'அன்றாடம்' என்ற சொல்லிலும் 'அன்று' என்று ஒரு நாள் தனியாக விரல் நீட்டிக் காட்டப்படுகிறது. 'தினசரி'யில் அந்த விரல் இல்லை.

கிறிஸ்தவ ஜெபத்தில் வரும் 'அன்றாட உணவு' இதே சொல்தானா?

லத்தீன் ஜெபத்தில் இதே சொல்தான். ஆனால் ஸ்பானிய, போர்ச்சுகீசிய ஜெபங்களில் அது வருவதில்லை. அங்கே 'ஒவ்வொரு நாளின் எங்கள் அப்பம்' என்றுதான் சொல்கிறார்கள். ஸ்பானியத்தில் பான் நுவெஸ்த்ரோ தே காதா தீயா. எழுத்து வழியே வந்த லத்தீன் சொல்லை ஒதுக்கிவிட்டு, சமையலறையில் புழங்கும் சொற்களையே ஜெபத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இதன் பின்னால் ஒரு புதிர் இருக்கிறது. நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் அந்த உணவைக் குறிக்கும் அடைமொழி 'எபியூசியோஸ்'. மிக அரிதான சொல். நாலாம் நூற்றாண்டின் இறுதியில் நற்செய்திகளின் லத்தீன் மொழிபெயர்ப்பைத் திருத்தி அமைத்த ஜெரோமின் பதிப்பில், லூக்கா நற்செய்தியில் அது 'அன்றாட' என்று நிற்கிறது. மத்தேயு நற்செய்தியில் அதே கிரேக்கச் சொல், 'பொருளுக்கு அப்பாற்பட்ட' என்ற பொருள்படும் ஒரு நீண்ட லத்தீன் சொல்லாக நிற்கிறது. ஒரே அப்பம் ஓரிடத்தில் பசிக்கானது, இன்னோரிடத்தில் வானத்துக்குரியது. மக்கள் வாயில் நிலைத்தது பசிக்கான அப்பம்தான். தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய ஜெபத்தில் 'அனுதின உணவு' என்றிருந்தது, பின்னர் 'அன்றாட உணவு' என்றானது. அந்த மாற்றத்தைச் செய்தவர்களின் காது நல்ல காது.

ருத்தினா என்று இன்னொரு சொல் இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. ஸ்பானியத்தில் ருத்தினா, பிரேசிலில் ஹோச்சினா. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். அதன் வேரில் இருப்பது 'பாதை'. நடந்து நடந்து தேய்ந்த தடம். மாடு தானாகவே தொழுவத்துக்குத் திரும்புமே, அந்த மாதிரித் தடம்.

ஆகவே ருத்தினா என்பது செய்யும் முறையைப் பற்றியது. காலை ஐந்துக்கு எழுவது, அரை மணி நேரம் நடப்பது, பிறகு காப்பி என்றால் அது ருத்தினா. அதை மாற்றலாம், விடலாம், உடைக்கலாம். 'ருத்தினாவில் விழுந்துவிட்டேன்' என்று ஸ்பானியர் குறைப்பட்டுக்கொள்வதும் உண்டு. கோத்திதியானோவில் யாரும் விழ முடியாது. அது நாம் நிற்கும் தரை. விடுமுறைக்குப் போனால் ருத்தினா நின்றுவிடும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தாலும் ருத்தினா நின்றுவிடும். அந்தக் காய்ச்சலும், கஞ்சி வைப்பதும், நெற்றியில் ஈரத்துணி போடுவதும் கோத்திதியானோவில் சேர்ந்துகொள்ளும்.

தமிழில் ருத்தினாவுக்கு 'வழக்கம்', 'வாடிக்கை', 'நடைமுறை' என்று இடத்துக்கு ஏற்பப் போடலாம்.

அப்படியானால் இந்தச் சொல்லில் சலிப்பு என்ற சாயலே கிடையாதா?

உண்டு. பிரேசிலின் பாடலாசிரியர் சீக்கோ புவார்க்கி 1971-இல் வெளியிட்ட ஒரு பாடலுக்கு இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்தார். காலை ஆறு மணிக்கு மனைவி எழுப்புவதில் தொடங்கி, பகல், மாலை, இரவு என்று சுற்றி, மறுபடி முதல் சரணத்திலேயே வந்து முடியும் பாடல். அப்போது பிரேசிலில் ராணுவ ஆட்சி. வாயை மூடிக்கொண்டு வாழ்க்கையைத் தொடர்வது என்ற பொருளும் அந்தச் சுற்றில் ஒலிக்கிறது. அங்கே சொல்லின் மேல் சலிப்பும் இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. அவை அந்தக் காலம் ஏற்றிய நிறங்கள். சொல் அவற்றைத் தாங்கிக்கொண்டது.

பாடநூலில் 'அன்றாட வாழ்க்கை' பாடம் வந்ததும் வினைகள் குழப்புகின்றனவே?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 'மே லெவாந்தோ', 'மே துச்சோ', 'மே அக்குவெஸ்தோ' என்று எழுவது, குளிப்பது, படுப்பது எல்லாவற்றிலும் 'என்னை' என்று ஒரு சொல் ஒட்டிக்கொண்டு வரும். 'நான் என்னை எழுப்புகிறேன்' என்று நேராகப் பெயர்த்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். தமிழில் இதற்கு அருமையான துணை இருக்கிறது: 'கொள்'. உடுத்திக்கொள்கிறேன், தலை சீவிக்கொள்கிறேன், படுத்துக்கொள்கிறேன். செயல் செய்தவரிடமே திரும்பி வருவதைத்தான் ஸ்பானியம் 'மே' போட்டுக் காட்டுகிறது. 'கொள்' சேர்த்து யோசித்துப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பிரேசில் பேச்சில் இந்த ஒட்டு பல வினைகளில் உதிர்ந்துவிடுகிறது.

கூடவே 'மத்ருகார்' என்ற வினையையும் கற்றுவையுங்கள். விடியுமுன் எழுந்திருத்தல் என்பதை ஒரே சொல்லில் சொல்வது அது. விடியுமுன் எழுபவனுக்குக் கடவுள் துணை என்ற பழமொழி இரு மொழிகளிலும் உண்டு.

ஸ்பெயினில் மதியம் இரண்டு மணிக்குச் சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்குச் சாப்பிடுகிறார்களே, ஏன்?

காரணங்கள் பல. அவற்றில் ஒன்று கடிகாரம். வரைபடத்தைப் பாருங்கள். ஸ்பெயின் இருப்பது பிரிட்டனுக்கு நேர் தெற்கே, போர்ச்சுகலுக்குப் பக்கத்தில். சூரியனின் கணக்குப்படி அவர்களோடுதான் நேரம் வைத்திருக்க வேண்டும். ஆனால் 1940 மார்ச் 16 அன்று, சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில், கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, ஜெர்மனி உள்ளிட்ட நடு ஐரோப்பாவின் நேரத்தோடு சேர்த்தார்கள். அது திரும்பவே இல்லை. இன்றும் எல்லையைத் தாண்டிப் போர்ச்சுகலுக்குள் கால் வைத்தால் மணி ஒன்று குறையும்.

கோடைக்காலத்தில் மாட்ரிட்டில் சூரியன் உச்சிக்கு வருவதே மதியம் இரண்டு மணிக்குப் பிறகுதான். ஆகவே இரண்டு மணிச் சாப்பாடு வயிற்றுக்கும் வெயிலுக்கும் உச்சிவேளைச் சாப்பாடுதான். வடமேற்கே கலீசியாவில் ஜூன் மாதம் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும். வெளிச்சத்தில் குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது இரவுச் சாப்பாட்டுக்கு யார் கூப்பிடுவார்கள்?

மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் இடையிலுள்ள நீண்ட வெளியை நிரப்ப மாலையில் 'மெரியெந்தா' என்ற சிற்றுணவு உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு ரொட்டியும் சாக்லேட்டும் கொடுப்பார்கள். 'சியெஸ்தா' என்ற பகல் தூக்கத்தின் பெயர் ரோமானியர்களின் ஆறாம் மணியிலிருந்து வந்தது. விடியலிலிருந்து எண்ணிய ஆறாம் மணி, அதாவது நண்பகல்.

'சோப்ரேமேசா' என்றால் ஒருவர் உரையாடல் என்கிறார், ஒருவர் இனிப்பு என்கிறார். எது சரி?

இரண்டும். 'மேசைக்கு மேல்' என்பதே நேர்ப்பொருள். ஸ்பானியத்தில், சாப்பிட்டு முடித்த பிறகும் எழுந்திருக்காமல் மேசையிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் நேரம். போர்ச்சுகீசியத்தில், சாப்பாட்டின் முடிவில் வரும் இனிப்பு. பிரேசில் நண்பரிடம் 'சோப்ரேமேசா நீண்டுவிட்டது' என்றால் எத்தனை கிண்ணம் சாப்பிட்டாய் என்று கேட்கக்கூடும். நம் வீடுகளில் கை காயக் காய இலை முன் உட்கார்ந்து பேசுவோமே, அதற்கு ஸ்பானியர் தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சியான செய்தி.

வாரத்தின் நாள்கள் இரு மொழிகளிலும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன?

ஸ்பானிய நாள்கள் தமிழருக்கு எளிது, ஏனென்றால் திங்கள் முதல் வெள்ளி வரை இரண்டும் கோள்களின் பெயர்கள். திங்கள் நிலவு, 'லூனெஸ்' நிலவு. செவ்வாய்க்கு 'மார்த்தெஸ்', புதனுக்கு 'மியெர்க்கோலெஸ்', வியாழனுக்கு 'ஹுவேவெஸ்', வெள்ளிக்கு 'வியெர்னெஸ்'. ஒவ்வொன்றும் அதே கோள்.

போர்ச்சுகீசியர் எண்ணுகிறார்கள். திங்கள் 'செகுந்தா ஃபெய்ரா', அதாவது இரண்டாம் நாள். அப்படியே வெள்ளி வரை ஆறாம் நாள். ஞாயிறு ஆண்டவரின் நாள், அதுதான் முதலாவது. ஆறாம் நூற்றாண்டில், இன்றைய போர்ச்சுகலின் பிராகா நகரில் ஆயராக இருந்த மார்ட்டின், நாள்களுக்கு ரோமானியக் கடவுள்களின் பெயரை வைத்து அழைப்பதைக் கண்டித்து எழுதினார். போர்ச்சுகீசிய வழக்கை அவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். அந்தக் கடவுள்களின் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டதில் நாள்கள் வறண்டுவிடவில்லை. 'இரண்டாம் நாள்' என்று ஒரு பிரேசிலியர் பெருமூச்சோடு சொல்வதைக் கேட்டால், திங்கட்கிழமையின் முழுப் பாரமும் அதில் இருக்கும்.

'கோத்திதியானா காய்ச்சல்' என்று ஒரு பழைய நூலில் பார்த்தேன். அது என்ன?

நாள்தோறும் வரும் காய்ச்சல். மலேரியாக் காய்ச்சல் வரும் இடைவெளியை வைத்து முற்காலத்தில் வகைப்படுத்தினார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது 'தெர்சியானா', இரண்டு நாள் விட்டு வருவது 'குவார்த்தானா'. நம் ஊரில் முறைக்காய்ச்சல் என்பார்களே, அந்தக் கணக்கு.

செய்தித்தாளுக்கும் இந்தச் சொல்லுக்கும் என்ன உறவு?

இத்தாலியிலும் பிரான்சிலும் இந்தச் சொல்லின் உறவுச்சொற்களே நாளிதழைக் குறிக்கின்றன. நாமும் 'தினசரி' என்றால் நாளிதழ் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? ஸ்பானியத்தில் அந்த வேலைக்கு 'தியாரியோ' இருக்கிறது. பிரேசிலின் 'ஃபோல்யா தெ சாவ் பாவ்லோ' நாளிதழில் நகரம், குற்றம், பள்ளி, போக்குவரத்து எல்லாம் வரும் பகுதிக்கே கோச்சிஜியானு என்றுதான் பெயர்.

பிரேசில் நாளிதழ்களில் 'குரோனிக்கா' என்ற ஒரு வகை எழுத்து உண்டு. பக்கத்து வீட்டு நாய், டாக்சியில் கேட்ட பேச்சு, மழைக்கு ஒதுங்கிய இடம் என்று கையளவு விஷயத்தை வைத்து எழுதும் பத்தி. பெரும் எழுத்தாளர்கள் இதற்குக் கை கொடுத்திருக்கிறார்கள். கிளாரிஸ் லிஸ்பெக்டர் 1967 முதல் 1973 வரை ரியோவின் ஒரு நாளிதழில் சனிக்கிழமைதோறும் எழுதினார். சிலியின் பாப்லோ நெருடா 1954-இல் வெளியிட்ட பாட்டுத் தொகுதியில் வெங்காயம், தக்காளி, ரொட்டி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே போற்றிப் பாடினார்.

'ஹோர்னால்' என்பது கூலியா, செய்தித்தாளா?

ஸ்பானியத்தில் நாட்கூலி. போர்ச்சுகீசியத்தில் செய்தித்தாள், அங்கே உச்சரிப்பு 'ஜோர்னால்'. இரண்டும் லத்தீன் 'நாள்' என்பதன் வழி வந்தவையே. ஸ்பெயினில் நாட்கூலிக்குப் போகிறவர் 'ஹோர்னலேரோ'. தெற்கே ஆந்தலூசியாவில் ஆலிவ் பறிக்கும் காலத்தில் இந்தச் சொல் இல்லாமல் பேச்சே நகராது. வேலை நாளுக்கு 'ஹோர்னாதா' என்று பெயர். அந்த நாளுக்கு எட்டு மணி நேரம் என்ற எல்லை எளிதில் கிடைத்துவிடவில்லை. 1919-இல் பார்சிலோனாவில் மின் நிறுவனத் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாள் நீடித்து நகரத்தையே இருட்டாக்கிய பிறகு, ஏப்ரல் 3 அன்று அந்த ஆணை வந்தது.

பிரேசிலில் வீட்டு வேலைக்கு நாள் கணக்கில் வரும் பெண்ணை 'ஜியாரிஸ்தா' என்கிறார்கள். 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேலை செய்தால் அவர் நிரந்தரப் பணியாளராகக் கருதப்படுவார், உரிமைகளும் வந்துசேரும். இரண்டு நாளோடு நின்றால் நாட்கூலிதான். கரும்பு வெட்டப் போகும் தினக்கூலிகளுக்கு 'போயா ஃபிரியா' என்று பெயர். ஆறிய சோறு என்பதே நேர்ப்பொருள். இருட்டோடு எழுந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை வயலில் சூடாக்க வழியில்லாமல் அப்படியே சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டின் நிலையை வைத்து ஒரு கூட்டத்துக்கே பெயர் வைத்துவிட்ட சொல் இது. தூக்குச்சட்டியோடு களை எடுக்கப் போனவர்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் விளக்கம் வேண்டாம்.

அன்றாடத்தை அளக்க முடியுமா?

பிரேசிலில் அளக்கிறார்கள். 1938-ஆம் ஆண்டின் ஓர் ஆணை, உழைக்கும் ஒருவருக்கு ஒரு மாதத்துக்கு என்னென்ன உணவு வேண்டும் என்று பட்டியலிட்டது. இறைச்சி, பால், பீன்ஸ், அரிசி, மாவு, உருளைக்கிழங்கு, தக்காளி, ரொட்டி, காப்பித்தூள், வாழைப்பழம், சர்க்கரை, எண்ணெய், வெண்ணெய் என்று 13 பொருள்கள். வட்டாரத்துக்கு ஏற்ப அளவு மாறும். சாவ் பாவ்லோ உள்ளிட்ட பகுதிக்கு வாழைப்பழம் 90, பீன்ஸ் நாலரைக் கிலோ, அரிசி மூன்று கிலோ, காப்பித்தூள் 600 கிராம்.

90 வாழைப்பழம் என்பது நாளுக்கு மூன்று. அந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது இந்த எண்ணில்தான் என் கண் நின்றது. அரசாணை ஒன்று, ஒரு மனிதர் காலை, மதியம், இரவு ஒவ்வொரு பழம் உரித்துச் சாப்பிடுவதை மனத்தில் வைத்து எழுதப்பட்டது போலிருந்தது. இன்றும் தொழிற்சங்கங்களின் ஆய்வு அமைப்பான 'ஜியேஸி' மாதந்தோறும் இந்தக் கூடையின் விலையைக் கணக்கிட்டு, குறைந்தபட்சக் கூலி வாங்குபவர் அதற்காக எத்தனை மணி நேரம் உழைக்க வேண்டும் என்று வெளியிடுகிறது.

'ஃபெய்ஜாவ் கோம் அஹோஸ்' என்று சொன்னால் சாப்பாடா, வேறு பொருளா?

பீன்ஸும் சோறும். பிரேசிலின் அன்றாடச் சாப்பாடு. சாதாரணமான, அலங்காரமில்லாத, ஆனால் குறை சொல்ல முடியாத வேலையையும் இப்படிச் சொல்வார்கள்.

தமிழுக்கும் இந்த மொழிகளின் அன்றாடத்துக்கும் தொடர்பு உண்டா?

நேரடியாக உண்டு, நம் வீட்டுக்குள்ளேயே. நாகப்பட்டினத்திலும் முத்துக்குளித்துறையிலும் இலங்கைக் கடற்கரையிலும் பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் நிலைகொண்ட போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொற்களைப் பாருங்கள். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை, துவாலை, பொத்தான், கோப்பை. ஆட்சி போய்விட்டது, கோட்டைகள் கைமாறிவிட்டன. கதவைத் திறக்கும் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே தங்கிவிட்டது. மிகச் சாதாரணமான பொருள்களின் பெயர்களே தங்கின என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. நாளுக்குப் பத்து முறை சொல்ல வேண்டிய சொல்லை யாரும் மறப்பதில்லை.

இன்றைய போர்ச்சுகீசியர் 'ஷாவெ' என்கிறார்கள். அந்தக் காலத்தில் 'ச்சாவெ' என்பதே உச்சரிப்பு. நம் சாவியும் இந்தியின் 'சாபி'யும் அந்தப் பழைய ஒலியிலிருந்து வந்தவை.

இலங்கைத் தமிழில் இன்னும் சில உண்டு. ரொட்டிக்குப் பாண், காலணிக்குச் சப்பாத்து, இருப்புச்சட்டிக்குத் தாச்சி, கடப்பாரைக்கு அலவாங்கு. 1554-இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் ஜெபப் புத்தகத்தை எல்லோரும் வரலாற்றில் குறிப்பிடுகிறார்கள். அதே பெருமையோடு பாணையும் சப்பாத்தையும் குறிப்பிட வேண்டும் என்பேன்.

மொழிபெயர்க்கும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

என் பழக்கத்தைச் சொல்கிறேன். பெயரடையாக வந்தால் 'அன்றாட'. பெயராக வந்தால் 'அன்றாடம்', சில இடங்களில் 'அன்றாட வாழ்வு', மிகச் சில இடங்களில் 'பிழைப்பு'. 'வழக்கமான' என்று ஒருபோதும் போடுவதில்லை, அது ருத்தினாவுக்கு உரியது. 'நித்தம்' கவிதையில் நன்றாக ஒட்டும், கட்டுரையில் ஒட்டாது.

'அன்றாடங்காய்ச்சி' என்ற சொல் நம்மிடம் இருப்பதும் ஒரு காரணம். அன்று சம்பாதித்ததை அன்றே உலையில் போட்டுக் காய்ச்சிக் குடிப்பவர். ஒவ்வொரு நாளும் புதிதாகக் கடக்க வேண்டிய ஒன்று என்பதை 'அன்றாடம்' இப்படித் தன்னுள் வைத்திருக்கிறது.

இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நூல் படிக்க வேண்டுமென்றால்?

கரோலினா மரியா ஜி ஜெசூஸ் எழுதிய 'குவார்து ஜி டெஸ்பேஜு'. தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் அறை என்பது பொருள். நகரம் வரவேற்பறை என்றால் சேரி அந்த அறை என்பது அவர் பார்வை. 1914-இல் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் பிறந்த கறுப்பினப் பெண், பள்ளியில் இரண்டே ஆண்டு படித்தவர். சாவ் பாவ்லோவில் தியெத்தே ஆற்றங்கரையின் கனிந்தே சேரியில் மூன்று குழந்தைகளோடு வாழ்ந்தார். தெருத்தெருவாகப் பழைய காகிதமும் இரும்பும் பொறுக்கி விற்று, அந்தக் காசில் அன்றைய சாப்பாடு. கிடைத்த குறிப்பேடுகளில் நாள்தோறும் எழுதினார். 1958-இல் சேரியைப் பற்றி எழுத வந்த பத்திரிகையாளர் அவுதாலியோ தாந்தாஸ் அவற்றைக் கண்டார். 1960-இல் நூலாக வந்ததும் முதல் பதிப்பின் பத்தாயிரம் பிரதிகள் சில நாள்களில் தீர்ந்தன.

நாட்குறிப்பு தொடங்குவது 1955 ஜூலை 15 அன்று. மகளின் பிறந்தநாள். அவளுக்கு ஒரு ஜோடி சப்பாத்து வாங்க நினைக்கிறார். அவர் எழுதியதும் 'சப்பாத்து' என்ற அதே சொல்தான். உணவுப் பொருள் விற்கும் விலையில் முடியவில்லை. குப்பையில் ஒரு ஜோடி கிடைக்கிறது. கழுவி, கிழிந்த இடத்தைத் தைத்து, அவள் காலில் போட்டுவிடுகிறார்.

தொடர்ந்து வரும் பக்கங்களில் தண்ணீர்க் குழாய் வரிசை, இன்று கிடைத்த காகிதத்தின் எடை, வாங்கிய ரொட்டி, வாங்க முடியாத இறைச்சி, இரவில் மீதமிருக்கும் நேரத்தில் எழுதியது என்று நாள்கள் போகின்றன. எந்த நாளும் இன்னொரு நாளைப் போல இல்லை. பசி என்ன நிறம் என்றுகூட அவருக்குத் தெரிந்திருந்தது, மஞ்சள் என்று எழுதுகிறார்.

கடைசிப் பதிவின் தேதி 1960 ஜனவரி 1. புத்தாண்டு நாள். ஐந்து மணிக்கு எழுந்து தண்ணீர் சுமக்கப் போனதாக ஒரே ஒரு வரி.